வாடகைக் கார் ஓட்டும் தம்பிகளுக்கு ஒரு டிங்கர் எழுதுவது



வைகுண்ட ஏகாதசி அன்று காலை. பாலக்கரையில் என் கடை ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தேன். வெள்ளை செடான் ஒன்று வந்து நின்றது. பின்பக்க இடது கதவு நாலு விரல் இடைவெளி விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. அது ஆடாமல் இருக்க, உள்கைப்பிடியில் ஒரு ஈரிழைத் துண்டைக் கோத்து முன்சீட்டோடு இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஸ்ரீரங்கத்தில் சொர்க்கவாசல் சேவித்துவிட்டு ஊர் திரும்பும் குடும்பம். கதவோரம் உட்கார்ந்திருந்த பாட்டி துண்டின் முடிச்சை ஒரு கையால் பிடித்துக்கொண்டே சொன்னார்: "அங்க ஒரு கதவு தொறக்கணும்னு ராத்திரியெல்லாம் நின்னோம். இங்க ஒண்ணு சாத்தணும்னு ஒரு மணி நேரமா நிக்கிறோம்."

ஓட்டி வந்த தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். இறங்கியதும் துண்டை அவிழ்த்தார். எனக்குக் காட்டுவதற்காகக் கதவை இன்னொரு முறை இழுத்து அறைந்தார். டங்கென்று அடித்துவிட்டு அப்படியே திரும்பி வந்தது.

"இதுவரைக்கும் எத்தனை அடி அடிச்சீங்க தம்பி?"

"ஒரு இருபது இருக்கும்ணே."

கதவின் ஓரத்தைக் குனிந்து பார்த்தேன். லாக்கின் வாய் மூடிக் கிடந்தது. வெளிக் கைப்பிடியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அந்த வாயை ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையால் வெளிப்பக்கம் தள்ளினேன். டிக் என்று திறந்துகொண்டது. அரை நிமிஷம்கூட ஆகவில்லை. பாட்டி என்னைப் பார்த்துக் கும்பிட்டார், எனக்கே கூச்சமாகிவிட்டது. ஆனால் கதவு அப்போதும் சரியாக உட்காரவில்லை. மூடிய வாயின் மேல் இருபது முறை அடி விழுந்ததில் பில்லரில் இருக்கும் கம்பி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. லாக்கைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உடைந்து, ஓரத்தில் பெயிண்ட் பெயர்ந்து தகடு தெரிந்தது. அதைச் சீராக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அதுவரை அந்தக் குடும்பம் எதிர்க் கடையில் காபி குடித்தது.

அன்று ராத்திரியே உங்களுக்கெல்லாம் எழுத வேண்டும் என்று நினைத்தேன். முப்பத்தைந்து வருஷமாக டிங்கரிங் செய்கிறேன். கதவு சாத்தவில்லை என்று என்னிடம் வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் முதலில் சின்னக் கோளாறாக இருந்து, பிறகு அடித்து அடித்துப் பெரிதாக்கப்பட்டவை. சாத்தாத கதவைக் கண்டால் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது ஒன்றுதான்: இன்னும் கொஞ்சம் ஓங்கி அடித்தால் விழுந்துவிடும். அந்த எண்ணத்தைத்தான் உங்களிடமிருந்து பிடுங்கிப் போட வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த லாக்குக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். வண்டி ஓட்டுகிற பலர் தினமும் ஐம்பது முறை கதவைச் சாத்துகிறார்கள். ஒரு முறைகூட அதன் வாய்க்குள் எட்டிப் பார்த்ததில்லை. கதவைத் திறந்து, பில்லரைப் பாருங்கள். அங்கே நம் 'ப' எழுத்தைப் படுக்கவைத்த மாதிரி ஒரு தடித்த கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் ஸ்ட்ரைக்கர். கதவின் ஓரத்தில் அதற்கு நேராக ஒரு பிளவு இருக்கும். பிளவுக்குள் உண்டிவில் கவை போல இரண்டு கொம்புள்ள ஓர் இரும்புத் துண்டு. கதவு வந்து சேரும்போது கம்பி அந்தக் கவைக்குள் நுழைந்து, அதைச் சுழற்றும். சுழன்ற கவை திரும்பி வராதபடி பக்கத்தில் இருக்கும் ஒரு பல் வந்து மாட்டிக்கொள்ளும். நீங்கள் கைப்பிடியை இழுக்கும்போது அந்தப் பல் விலகுகிறது. ஸ்பிரிங் கவையைப் பழையபடி திறந்து வைக்கிறது. இவ்வளவுதான். கிணற்று ராட்டினத்தைவிடப் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை.

சில நேரம் கதவு திறந்திருக்கும்போதே இந்தக் கவை சுழன்று பூட்டிக்கொள்ளும். விளையாட்டாகக் குழந்தை விரலை விட்டுத் தள்ளியிருக்கலாம். பெட்டி ஏற்றும்போது அதன் மூலை இடித்திருக்கலாம். ஸ்பிரிங் சோம்பிப் போய்ப் பாதியில் நின்றிருக்கலாம். அப்போது கம்பிக்கு நுழைய வழி இல்லை. எவ்வளவு ஓங்கி அடித்தாலும் இரும்பும் இரும்பும் மோதும், அவ்வளவுதான். வெள்ளை செடானுக்கு நடந்தது இதுதான். இதற்கு மருந்து கைப்பிடியை இழுத்துப் பிடிப்பது. சென்ட்ரல் லாக் போட்டிருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். பின்கதவில் சைல்டு லாக் போட்டிருந்தால் உள்கைப்பிடி வேலை செய்யாது. வெளிக் கைப்பிடியை இழுங்கள். அதைப் பிடித்தபடியே கவையை வெளிப்பக்கம் தள்ளுங்கள். விரலை உள்ளே விடாதீர்கள், ஸ்க்ரூடிரைவரோ சாவியோ போதும்.

இன்னொன்று. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அதே ஸ்க்ரூடிரைவரால் கவையை உள்ளே தள்ளிப் பாருங்கள். ஒரு முறை டிக் என்னும். இன்னும் தள்ளினால் இரண்டாவது முறை டிக் என்னும். லாக் நன்றாக இருந்தால் இரண்டும் தெளிவாகக் கேட்கும். கைப்பிடியை இழுத்தால் கவை துள்ளித் திறக்க வேண்டும். கேட்டதோடு விட்டுவிட்டு, திறக்க மறந்து கதவைச் சாத்திவிடாதீர்கள்; நானே ஒரு நாள் பேச்சு சுவாரஸ்யத்தில் அப்படிச் செய்து, பையன்கள் முன்னால் அசடு வழிந்திருக்கிறேன்.

அந்த இரண்டு டிக் எதற்கு என்று கேட்பீர்கள். என் மகள் ஆட்டோமொபைல் படித்தவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்து, கழற்றிப் போட்டிருந்த ஒரு லாக்கைக் கையில் எடுத்து டிக், டிக் என்று அழுத்திக்கொண்டே சொன்னாள். முதல் டிக் என்பது பாதிப் பூட்டு. கதவு சரியாகச் சாத்தாமல் போனாலும் பறந்து திறந்துவிடாமல் தாங்குவதற்கு வைத்தது. இரண்டாவதுதான் முழுப் பூட்டு. 1950-களில் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தார் விபத்துகளை ஆராய்ந்தபோது, மோதலில் கதவு திறந்து வெளியே தூக்கி எறியப்படுகிறவர்கள்தான் அதிகம் சாகிறார்கள் என்று கண்டார்களாம். அதையடுத்து 1956-இல் ஃபோர்டு கம்பெனி தன் கார்களில் இறுகப் பிடிக்கும் புது லாக்கை வைத்தது. 1968-இல் அந்த நாட்டில் கதவு லாக்குக்கென்றே சட்டம் வந்தது. நீளவாட்டில் இழுத்தால் முழுப் பூட்டு சுமார் 11,000 நியூட்டன் தாங்க வேண்டும். பாதிப் பூட்டு சுமார் 4,450 தாங்கினால் போதும்.

"எனக்குப் புரியுற மாதிரி சொல்லும்மா" என்றேன்.

"இரண்டாவது டிக்ல இருந்தா ஒரு சின்னக் காரையே அதுல தொங்கவிடலாம்ப்பா. முதல் டிக்ல இருந்தா அதுல பாதிகூடக் கிடையாது."

பாதிகூட இல்லை என்பதை நான் அவள் சொல்வதற்கு முன்பே ஒருமுறை கண்ணால் பார்த்தவன். 1990-களில், நான் வேலை கற்றுக்கொண்டிருந்த காலம். என் ஆசான் வீட்டுக் கல்யாணத்துக்குச் சீர் ஏற்றிக்கொண்டு ஒரு அம்பாசிடர் போனது. பின்சீட்டில் ஆள் இல்லை, தட்டுகளும் பித்தளைப் பாத்திரங்களும்தான். நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பின்கதவைச் சாத்தியதும் நான்தான். ஒரு டிக் கேட்டது, போதும் என்று விட்டுவிட்டேன். வளைவில் திரும்பும்போது கதவு மெதுவாக, யாரோ மரியாதைக்குத் திறந்துவிடுவது போலத் திறந்தது. ஒரு தவலை உருண்டு ரோட்டில் விழுந்து, எதிரே வந்த சைக்கிள்காரர் காலடியில் போய் நின்றது. அவர் அதை எடுத்து வந்து கொடுத்து, "பொண்ணு வீட்டு சைடா, மாப்பிள்ளை வீட்டு சைடா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அந்த இடத்தில் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தால் என்று ஆசான் மட்டும் சிரிக்காமல் ராத்திரி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். அடித்திருந்தால்கூட மறந்திருப்பேன்.

ஆசான் ஃபியட் 1100 காலத்து ஆள். அந்தப் பழைய வண்டியில் முன்கதவின் கீல் பின்பக்கம் இருக்கும். கதவு முன்னாலிருந்து திறக்கும். ஏறி இறங்க வசதி. ஆனால் ஓடும்போது லாக் விட்டுவிட்டால் எதிர்க்காற்றே கதவைப் பிடுங்கித் திறந்துவிடும். இன்றைய வண்டியில் முன்பக்கம் கீல் இருப்பதால் காற்று கதவைச் சாத்தும் பக்கமே தள்ளுகிறது. அந்தத் தைரியத்தில்தான் "லேசாத்தானே திறந்திருக்கு, ஊர் போய்ப் பார்த்துக்கலாம்" என்று சமயபுரத்திலிருந்து சென்னை வரை ஓட்டுகிறீர்கள். வளைவில் ஆள் கதவின் மேல் சாய்ந்தால் காற்று தடுக்காது, தம்பிகளே. கதவு பாதியில் நின்றிருப்பது ஓடும்போது தெரிந்தால், எட்டி இழுத்துச் சாத்தப் பார்க்காதீர்கள். இண்டிகேட்டர் போட்டு இடது ஓரம் நிறுத்துங்கள், இறங்கிப் போய்ச் சாத்துங்கள்.

இந்த இடத்தில் உங்கள் தரப்பு நியாயம் ஒன்றையும் சொல்ல வேண்டும். உங்களில் பலர் 'கதவை மெதுவாக மூடவும்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறீர்கள். ஒட்டாவிட்டால் வருகிற சவாரியெல்லாம் மாட்டுத்தொழுவத்துப் படலைச் சாத்துவது போல அறைகிறார்கள். ஒட்டினாலோ, பயந்துபோய்ப் பூப்போல வைத்துவிட்டுப் போகிறார்கள். கதவு முதல் டிக்கிலேயே நின்றுவிடுகிறது. பிறகு நீங்களே, "சார், இன்னொரு தடவை நல்லா சாத்துங்க" என்று சொல்ல, அவர் ஸ்டிக்கரையும் உங்களையும் மாறி மாறிப் பார்க்கிறார். ஸ்டிக்கரில் அளவை எழுதுங்கள் என்பது என் யோசனை: 'ஒரு சாண் தூரத்திலிருந்து உள்ளங்கையால் தள்ளிச் சாத்தவும்'. கதவை முழுக்கத் திறந்து வீசுவதும் வேண்டாம், ஒட்டும் தூரத்தில் வைத்து அமுக்குவதும் வேண்டாம். நல்ல நிலையில் இருக்கும் எந்தக் கதவும் ஒரு சாண் தூரத்துத் தள்ளலுக்கு இரண்டு டிக்கையும் கொடுத்துவிடும். கொடுக்கவில்லை என்றால் ஏதோ ஒன்று தடுக்கிறது. அது என்ன என்று பார்ப்பதுதான் வேலை.

என்ன தடுக்கும்? எனக்கு வரும் கேஸ்களில் மிக அதிகமானது, சிரிக்காதீர்கள், சீட் பெல்ட். பெல்ட்டின் கொக்கி கீழே தொங்கும். இறங்குகிற ஆள் அதைக் கவனிக்காமல் சாத்துவார். இரும்புக் கொக்கி கதவுக்கும் படிக்கும் நடுவில் சிக்கும். முதல் அடியிலேயே கதவின் உள்விளிம்பில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். அந்தப் பள்ளம் பிறகு ரப்பர் பீடிங்கையும் அறுக்கும். அடுத்தது புடவைத் தலைப்பு, துப்பட்டா, வேட்டி ஓரம். துணிதானே என்று நினைப்பீர்கள். நாலு மடிப்பாக லாக்கின் வாய்க்குள் போய்விட்டால் கவை சுழலாது. இழுத்து எடுத்த பிறகும் நூல் பிசிறு உள்ளேயே சுற்றிக்கொண்டு கிடக்கும். ஒருமுறை ஒரு லாக்கைக் கழற்றியபோது உள்ளே ஜரிகை இருந்தது. எந்த முகூர்த்தத்தில் போனதோ.

அதற்கும் அடுத்தது மண். கிரீஸும் புழுதியும் சேர்ந்தால் கறுப்பு மெழுகு மாதிரி ஆகிவிடும். பல் விழ வேண்டிய இடத்தில் விழாது, அல்லது விழுந்தது திரும்பாது. இதற்கு ஆளுக்கு ஒரு வைத்தியம் செய்கிறீர்கள். மிக மோசமானது தேங்காய் எண்ணெய். விட்ட அன்று வழுக்கும், சந்தோஷமாக இருக்கும். ஒரு வாரத்தில் ஊர்ப் புழுதியெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். அதைவிட ஒரு வேடிக்கை: தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைய ஆரம்பிக்கும். நம் வீட்டுப் பாட்டிலில் மார்கழி மாதம் வெள்ளையாகக் கட்டியிருக்குமே, அதேதான். திருச்சியில் நன்றாகச் சாத்திய கதவு ஊட்டியில் விடிகாலை சாத்தவில்லை, திரும்பி வந்ததும் சரியாகிவிட்டது, பேய் பிடித்த மாதிரி இருக்கிறது என்று ஒரு தம்பி என்னிடம் வந்தார். லாக்கை முகர்ந்து பார்த்தேன். பேய் பின்சீட்டுக்குக் கீழே இருந்த எண்ணெய் பாட்டிலில் இருந்தது.

எஞ்சின் ஆயிலும் அப்படியே. டபிள்யூடி-40 ஸ்ப்ரேயைப் பலர் மசகு என்று நினைத்து அடித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அது துருவையும் பழைய பிசினையும் கரைக்க நல்லது, ஆனால் இருக்கிற கிரீஸையும் சேர்த்துக் கழுவிவிடும். அடித்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்து, காய்ந்த பிறகு வெள்ளை லித்தியம் கிரீஸ் ஒரு கடுகளவு கவையிலும் பல்லிலும் தடவுங்கள். கதவு ஓரம் சவாரியின் சட்டையில் படும் என்பதால் கறுப்பு கிரீஸ் வேண்டாம். ரப்பர் பீடிங்கில் எந்த எண்ணெயும் கிரீஸும் படக் கூடாது, ரப்பர் உப்பிப் போகும். வெயிலில் ரப்பர் ஒட்டிக்கொள்கிறது என்றால் முகப் பவுடர் கொஞ்சம் தூவித் தடவுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் நீங்களே ஸ்டாண்டில் நின்றபடி செய்யக்கூடியது. அடுத்தது கதவு இறங்குவது. இங்கேதான் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

டிரைவர் கதவுதான் முதலில் இறங்கும். ஏனென்றால் நீங்கள்தான் அதைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். இறங்கும்போது கதவின் மேல் கையூன்றி உடம்பைத் தூக்குகிறீர்கள். நிறுத்தத்தில் திறந்த கதவின் மேல் முழங்கை வைத்து அரை மணி நேரம் அரசியல் பேசுகிறீர்கள். கதவின் எடை மொத்தமும் இரண்டு கீல்களில் நிற்கிறது. அதன்மேல் உங்கள் எடை. கீலின் பின்னும் புஷ்ஷும் தேயத் தேய, கதவின் பூட்டு முனை ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் என்று கீழே இறங்கும். அப்போது கவை, கம்பிக்கு நேராக வராமல் அதன் அடியில் இடிக்கும். சாத்தும்போது கதவு கடைசி அங்குலத்தில் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டு உட்காருகிறதா, திறக்கும்போது தொப்பென்று இறங்குகிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் கதவைப் பாதி திறந்து, பூட்டு முனைப் பக்கம் கீழ் விளிம்பில் இரண்டு கையையும் கொடுத்து மெதுவாகத் தூக்குங்கள். ஆட்டம் தெரியும். இன்னொரு ஆளைக் கீலைப் பார்க்கச் சொன்னால் மேல் கீலா, கீழ்க் கீலா என்றும் தெரிந்துவிடும். எட்ட நின்று பார்த்தாலும் சொல்லலாம்: முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவில் உள்ள சந்து மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருக்க வேண்டும். இறங்கிய கதவில் மேலே குறுகி, கீழே அகன்றிருக்கும்.

அம்பாசிடர் காலத்தில் இது வராத வாரமே கிடையாது. கனமான கதவு. பின்னைத் தட்டி எடுத்து, லேத்தில் பித்தளை புஷ் கடைந்து போட்டால் இன்னும் பத்து வருஷம் ஓடும். 2014-இல் அந்த வண்டி தயாராவதே நின்றுபோனது. அந்த லேத் வேலையும் எங்கள் தெருவில் நின்றது. இப்போது வரும் பல வண்டிகளில் கீலின் பின்னை ரிவெட் அடித்து மூடிவிடுகிறார்கள். கீலையே மாற்ற வேண்டும். புதுசு விலை கட்டுப்படியாகாவிட்டால் சென்னை புதுப்பேட்டையில் கழற்றிய கீல் கிடைக்கும். ஆடாததாகப் பார்த்து எடுக்கத் தெரிய வேண்டும்.

சில கடைகளில் ஒரு குறுக்கு வழி செய்வார்கள். கீலின் இடுக்கில் ஒரு மரக்கட்டையை வைத்துக் கதவை அமுக்குவது. கீல் வளைந்து கதவு மேலே வந்துவிடும். ஐந்து நிமிஷத்தில் சந்து நேராகும். காசு வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். நானும் செய்தவன்தான், மறைக்கவில்லை. இரண்டு மாதத்தில் அதே வண்டி இன்னும் மோசமாகத் திரும்பி வரும். தேய்ந்த புஷ் தேய்ந்தபடியே இருக்க, வளையாத இரும்பையும் வளைத்தது மட்டும்தான் மிச்சம். கட்டையை எடுக்கிற கையைக் கண்டால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். கீலின் போல்ட்டைத் தளர்த்தி, கதவுக்கு அடியில் ஜாக்கி வைத்து, அதன்மேல் துணி சுற்றிய பலகை வைத்து, இம்மி இம்மியாகத் தூக்கிச் சந்தைப் பார்த்துப் பார்த்து இறுக்குகிறவர் இருந்தால் அவரிடம் விடுங்கள். நேரம் ஆகும். நின்று பாருங்கள், அழகான வேலை.

கடைசியாக ஸ்ட்ரைக்கர். ஏன் கடைசி என்றால், எல்லாரும் முதலில் கைவைப்பது அதில்தான். இரண்டு ஸ்க்ரூதானே, கையில் ஒரு ஸ்க்ரூடிரைவரும் இருக்கிறது, கம்பியைக் கொஞ்சம் கீழே இறக்கினால் கவை நுழையுமே என்று தோன்றும். நுழையும். ஆனால் இறங்கியது கதவு; அதற்கு ஏற்றபடி நீங்கள் வீட்டு நிலையை இறக்குகிறீர்கள். கீல் இன்னும் தேயும், இன்னும் இறக்குவீர்கள், ஒரு நாள் இறக்க இடம் இருக்காது. கீல் ஆடவில்லை, லாக் சுத்தம், பீடிங் நன்றாக இருக்கிறது, அதற்கு மேலும் இடிக்கிறது என்றால் மட்டும் கம்பியைத் தொடுங்கள்.

தொடும் முன் அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுங்கள். பழைய இடம் தெரியாமல் போனால் அன்றைய சவாரி போச்சு. எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்க என் சம்சாரம் சொல்லிக்கொடுத்த வழி ஒன்று இருக்கிறது: கம்பியில் சாந்துப் பொட்டைத் தடவிவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்தித் திறக்க வேண்டும். கவையில் எந்த இடத்தில் பொட்டு ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் இடிக்கிறது. முப்பத்தைந்து வருஷ அனுபவத்தில் எனக்குத் தோன்றவில்லை. ஸ்க்ரூவை முழுக்கக் கழற்றாதீர்கள். சில வண்டிகளில் உள்ளே நட்டைத் தாங்கும் தகடு பில்லருக்குள் நழுவி விழுந்துவிடும், அதை எடுக்கக் காந்தமும் கம்பியுமாக அரை நாள் போகும். அரைத் திருகு தளர்த்தி, மரக் கைப்பிடியால் லேசாகத் தட்டி, ஒரு மில்லிமீட்டர் நகர்த்திச் சாத்திப் பாருங்கள். ஸ்க்ரூ வழுக்கினால் அதோடு மல்லுக்கட்டித் தலையைத் தின்னவிடாதீர்கள், சரியான பிட் உள்ள ஆளிடம் போங்கள். இறுக்கிய பிறகு பத்து ரூபாய் நோட்டை ரப்பருக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். தடையோடு வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே மழைத் தண்ணீர் இறங்கும். வரவே மாட்டேன் என்றால் கம்பி அதிகம் உள்ளே போய்விட்டது.

புது பீடிங் போட்ட வண்டி கொஞ்ச நாள் அடம்பிடிக்கும். அதற்காகக் கம்பியை நகர்த்த வேண்டாம். ரப்பர் தானாகப் படியும். அதேபோல, புது வண்டிகளில் எல்லாக் கண்ணாடியும் ஏற்றியிருந்தால் கடைசிக் கதவு மட்டும் சாத்த மறுப்பது கோளாறே இல்லை. உள்ளே இருக்கும் காற்றுக்கு வெளியேற வழி வேண்டும். அதற்காகப் பின் பம்பருக்கு உள்பக்கம் பாடியில் மடல் வைத்த துவாரம் இருக்கும். பின்னால் இடி வாங்கி டிங்கரிங் செய்த வண்டியில் அந்தத் துவாரத்தின் மேல் சீலரைப் பூசி அடைத்துவிட்ட கேஸும் பார்த்திருக்கிறேன். கண்ணாடி ஒன்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டுச் சாத்துங்கள். லேசாகச் சாத்தினால் கோளாறு கதவில் இல்லை. இடித்த வண்டியில் பில்லரே வளைந்திருந்தால் அது வேறு கதை, அளவெடுத்து இழுக்க வேண்டிய வேலை. கம்பியையும் கீலையும் நோண்டிப் பயனில்லை.

"இதெல்லாம் ஓனர் காசு குடுத்தாத்தானே அண்ணே" என்று நீங்கள் சொல்வது இங்கே எனக்குக் கேட்கிறது. தெரியும். எஞ்சின் செலவு என்றால் கொடுப்பார், கதவுக்கு என்றால் "ஓடுதுல்ல?" என்பார். அவரிடம் பாதுகாப்பு என்று பேசாதீர்கள், காதில் விழாது. கணக்காகப் பேசுங்கள். லாக் சுத்தம் செய்து கிரீஸ் வைக்க நான் வாங்குவது இருநூறு ரூபாய். அதைச் செய்யாமல் நாலு மாதம் அறைந்து சாத்தினால், கதவின் தகடு விண்டுபோகும். கண்ணாடி ஏற்றும் மெஷின் குலுங்கிக் கழன்றுவிடும். அந்தப் பில் எத்தனை இருநூறு என்று அவரே கணக்குப் போட்டுக்கொள்வார். உடைந்த லாக்கைக் கொண்டுபோய் அவர் மேஜையில் வையுங்கள். கையில் எடுத்து அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். டிக் சத்தம் கேட்டால் யாருக்கும் இன்னொரு முறை அழுத்தத் தோன்றும்.

மழைக்காலத்துக்கு முன் கதவின் அடி விளிம்பில் இருக்கும் சின்னத் துவாரங்களை ஒரு ஈர்க்குச்சியால் குத்திவிடுங்கள். கண்ணாடி வழியாக இறங்கும் தண்ணீர் அது வழியாகத்தான் வடிய வேண்டும். அடைத்தால் கதவு உள்ளிருந்து துருப்பிடிக்கும். பிரேக் போடும்போது கதவுக்குள் சளசளவென்று கேட்டால் அது தண்ணீர்தான்.

வெள்ளை செடான் தம்பிக்கு ஒரு சேதி. உங்கள் துண்டு கடையில் இருக்கிறது. கிரீஸ் பட்டிருந்ததால் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். வளைந்த பழைய ஸ்ட்ரைக்கரையும் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், ஓனருக்குக் காட்டலாம். பாட்டி அவசரப்பட்டதால் அன்று சொல்ல முடியவில்லை: உங்கள் பக்கத்துக் கதவின் மேல் கீல் லேசாக ஆடுகிறது. திங்கட்கிழமை தவிர எந்த நாளும் வாருங்கள். அதுவரை அதன் மேல் கையூன்றி இறங்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் பாலக்கரை டிங்கர்